முன்னே, நடுவே, பின்னே: ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் இடம் மாறிய வரலாறு

பெட்ரோல் காரில் இவ்வளவு எடை ஒரே இடத்தில் திரண்டிருக்கும் பாகம் எஞ்சினைத் தவிர வேறில்லை. அது ஓட்டுநருக்கு முன்னால் இருக்கலாம்; முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கலாம்; பின் அச்சையும் தாண்டி வாலில் இருக்கலாம். வளைவுக்குள் கார் எப்படி நுழைகிறது, நடுவில் ஓட்டுநர் பதறினால் என்ன செய்கிறது, வெளியேறும்போது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பவை பெருமளவுக்கு அந்த இடத்தைப் பொறுத்தவை. ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றில் எஞ்சினுக்கான இடம் வளைவுகளை மனத்தில் வைத்து மட்டும் முடிவானது அரிது. கைக்குக் கிடைத்த செயின், பின் இருக்கைக்கு வேண்டிய இடம், தயாரிப்புச் செலவு போன்றவையே பல நேரங்களில் அதைத் தீர்மானித்தன. விளைவு சாலையில் தெரிந்த பிறகு, அதைச் சமாளிக்கப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள்.

டயரின் பிடிப்பு அதன் மேல் விழும் எடையோடு கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வளைவில் செல்லும்போது காரின் எந்தப் பாதி கனமோ, அந்தப் பாதியைப் பாதையில் பிடித்துவைக்க அதிக விசை வேண்டும். அங்குள்ள டயர்களால் அதை முழுவதும் தர முடிவதில்லை. எனவே நான்கு டயர்களும் ஒரே அளவில் இருந்தால் கனமான முனைதான் முதலில் வழுக்கும். முன்பக்கம் கனமான கார், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் கனமானால் வால் வெளியே வீசிச் செல்லும். அது ஓவர்ஸ்டியர். முதலாவதில் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கார் வழிக்கு வந்துவிடும். இரண்டாவதில் நிலைமை தலைகீழ். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் எடை முன்னோக்கிச் சாய்கிறது, பின் டயர்கள் இருந்த பிடிப்பையும் இழக்கின்றன, கார் சுழல்கிறது. பயந்த ஓட்டுநர் இயல்பாகச் செய்வது எதுவோ அதுவே அவரைக் கவிழ்க்கிறது.

எடை எந்தப் பக்கம் என்பது போலவே, அது காரின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். நீண்ட காவடித்தண்டின் இரு முனைகளிலும் நீர்க்குடங்களைத் தொங்கவிட்டுச் சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டால் இரண்டும் எளிது. எஞ்சின் நடுவில் உள்ள கார் அப்படித்தான் உடனே திரும்பும். ஆனால் பிடிப்பு விட்டுப்போனால் சுழல்வதும் அதே விரைவில் நடந்துவிடும். திருத்திக்கொள்ள ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தது. 1891-இல் பிரான்சின் பனார் - லெவாஸோர் நிறுவனத்தில் எமில் லெவாஸோர் எஞ்சினை முன்னால் நிறுத்தி, கிளட்ச்சையும் கியர்களையும் அதன் பின்னே வரிசையாக வைத்து, பின் சக்கரங்களை ஓட்டும் அமைப்பை உருவாக்கினார். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1901-இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ், நீளமும் தாழ்வுமான உடலோடு அந்த அமைப்பை நிலைநிறுத்தியது. அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பந்தயக் கார் என்றால் நீண்ட மூக்கு, அதன் பின்னே பின் அச்சை ஒட்டி அமர்ந்த ஓட்டுநர் என்பதே வழக்கமாகிவிட்டது. 1923-இல் பென்ஸ் நிறுவனம் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றில் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்து மோன்சாவில் ஓட்டிப் பார்த்தது. நிறுவனத்தின் பண நெருக்கடியால் அந்த முயற்சி நீடிக்கவில்லை.

அந்த யோசனையைப் பெரிய அளவில் கையில் எடுத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1934-இல் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய பந்தயக் காரில் 16 சிலிண்டர் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னே இருந்தது. இரண்டுக்கும் இடையே, காரின் மையத்தில், பெட்ரோல் டேங்க். எரிபொருள் தீரத் தீரக் காரின் எடைச் சமநிலை மாறக்கூடாது என்ற கூர்மையான சிந்தனை அதில் இருந்தது. 1936-இல் வந்த சி வகைக் கார் 6 லிட்டர் எஞ்சினிலிருந்து சுமார் 520 குதிரைத்திறனைத் தந்தது. அதை முழுவதும் சாலையில் இறக்கும் டயர் அன்று உலகில் எங்கும் இல்லை.

ஆனால் அந்தக் கார்களை ஓட்டுவது கடினம் என்ற பெயர் எழுந்தது. பழியெல்லாம் எஞ்சின் இருந்த இடத்தின் மேல் விழுந்தது சரியான தீர்ப்பு அல்ல. பின் சக்கரங்களைத் தாங்கிய ஸ்விங் ஆக்சில் டிஃபரென்ஷியலுக்கு அருகில் மட்டுமே மடங்கும். காரின் பின்பகுதி சற்றே மேலெழுந்தாலும் சக்கரம் சாய்ந்து, தரையைத் தொடும் டயர்ப் பரப்பு குறுகிவிடும். கூடவே ஓட்டுநர் காரின் முன்கோடியில் உட்கார்ந்திருந்தார். வால் நழுவுவதை உடம்பால் உணர அவருக்கு நேரம் பிடித்தது. முன் எஞ்சின் கார்களில் பழகியவர்கள் பலர் திணறினார்கள். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து நேராக வந்து, பழைய பழக்கம் எதையும் மறக்கவேண்டிய தேவையில்லாத பெர்ன்ட் ரோஸ்மேயர் அதே காரில் 1936-இன் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 1938-இல் வந்த டி வகையில் ஸ்விங் ஆக்சில் நீக்கப்பட்டு, சக்கரங்களை நிமிர்த்தியே வைக்கும் டி டியோன் அச்சு பொருத்தப்பட்டது. ஓட்டுநர் இருக்கையும் பின்னுக்கு நகர்ந்தது. டாஸியோ நுவோலாரி அந்தக் காரில் மோன்சாவிலும் டோனிங்டனிலும் வென்றார். எஞ்சின் இருந்த பக்கம் மாறவில்லை. சஸ்பென்ஷன் மாறியது, காரின் குணம் மாறியது. போர் வந்து அந்தப் பாடத்தை மூடிவைத்தது.

மறுபடி அது தொடங்கியது லண்டனை அடுத்த சர்பிட்டனில் இருந்த ஒரு கராஜில், முற்றிலும் வேறு காரணத்தால். 1946-இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜான் கூப்பரும் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஓடும் மலிவான பந்தயக் கார் ஒன்றைக் கட்ட முனைந்தார்கள். ஃபியட் டோபோலினோ கார்கள் இரண்டின் முன் சஸ்பென்ஷன்களை எடுத்து, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்துச் சட்டத்தை அமைத்தார்கள். ஜாப் நிறுவனத்தின் அந்த எஞ்சின் செயினில்தான் சக்கரத்தைச் சுற்றும். செயின் நீளமாக இருக்க முடியாது. ஆகவே எஞ்சின் பின் அச்சுக்குப் பக்கத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே போயிற்று. எடைப் பங்கீடு குறித்த கணக்கு எதுவும் அதற்கு அடிப்படை இல்லை.

கிடைத்த பலன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் நீண்ட தண்டு தேவையில்லை என்பதால் எடை குறைந்தது. அந்தத் தண்டின் மேல் உட்காரவேண்டிய அவசியமும் போனதால் ஓட்டுநர் தரையை ஒட்டித் தாழ உட்கார்ந்தார். காரின் முகப்பு சிறுத்து, காற்றின் எதிர்ப்பு குறைந்தது. லேசான கார் டயரையும் பெட்ரோலையும் குறைவாகத் தின்றது. மூன்றாம் ஃபார்முலா பந்தயங்களில் கூப்பர்கள் கொடிகட்டிப் பறந்தன. கவென்ட்ரி கிளைமேக்ஸ் நிறுவனத்தின் இலகுவான எஞ்சின், தீயணைப்புப் பம்புகள் செய்த அனுபவத்தில் பிறந்தது. அதைப் பொருத்திக்கொண்டு சிறிய கூப்பர்கள் மெல்லப் பெரிய பந்தயங்களின் பக்கம் நகர்ந்தன.

1958 ஜனவரி 19 அன்று புயனோஸ் அயர்ஸில் நடந்த அர்ஜென்டினா கிராண்ட் பிரீ இந்த வரலாற்றின் திருப்புமுனை. ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய கூப்பரின் எஞ்சின் 2 லிட்டரைக்கூட எட்டாதது. எதிரே நின்ற ஃபெராரிகளும் மாஸராட்டிகளும் அதைவிடப் பெரிய எஞ்சின் கொண்டவை. கூப்பரின் சக்கரங்கள் நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. மற்றவர்களுடையதைப் போல மைய நட்டு ஒன்றைத் தட்டிக் கழற்ற முடியாது. டயர் மாற்ற நின்றால் பந்தயம் போய்விடும். மாற்றத்தான் போகிறார்கள் என்று போட்டியாளர்கள் நம்பும்படி குழுவினர் நடந்துகொண்டார்கள். மாஸ் நிற்கவே இல்லை. கடைசிச் சுற்றுகளில் ரப்பர் தேய்ந்து டயரின் துணி வெளியே தெரிய, எண்ணெய் சிந்திய இடங்களைத் தேடி அவற்றின் மேல் ஓட்டி டயரைக் காப்பாற்றினார். லூயிஜி முஸ்ஸோவின் ஃபெராரி 2.7 விநாடி பின்தங்கியது.  உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் ஓட்டுநருக்குப் பின்னே எஞ்சின் கொண்ட கார் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலும் மோரீஸ் த்ரென்தின்யான் கூப்பரில் வென்றார். 1959-இலும் 1960-இலும் ஜாக் பிரபாம் கூப்பரில் உலக சாம்பியன் ஆனார்.

என்ஸோ ஃபெராரி விட்டுக்கொடுக்கத் தயங்கினார். எருதுகளை வண்டிக்கு முன்னால்தான் பூட்டவேண்டும் என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். 1960-இல் மோன்சாவில் ஃபில் ஹில் முன் எஞ்சின் ஃபெராரியில் வென்றார். ஓடுபாதையின் சாய்வுத் தளம் ஆபத்தானது என்று பிரிட்டிஷ் அணிகள் அந்தப் பந்தயத்தைப் புறக்கணித்திருந்தன. முன் எஞ்சின் கார் பெற்ற கடைசி உலக சாம்பியன்ஷிப் பந்தய வெற்றி அதுதான். மறு ஆண்டே ஹில் பின்னே எஞ்சின் வைத்த ஃபெராரி 156-இல் சாம்பியன் ஆனார். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் பிரபாமின் சிறிய கூப்பர் 1961-இல் ஒன்பதாவதாக வந்தது. நேர்ச்சாலையில் தோற்று வளைவுகளில் மீண்ட அந்தக் கார் அங்கிருந்தோரைச் சிந்திக்க வைத்தது. 1965-இல் ஜிம் கிளார்க் லோட்டஸில் அங்கே வென்றபோது விவாதம் முடிந்தது.

பந்தயத்தில் வென்றது சாலைக்கு வரச் சிறிது காலமே ஆயிற்று. பிரான்சின் ரெனே பொனே 1962-இல் விற்கத் தொடங்கிய ஜெட் என்ற சிறு கார்தான் நடு எஞ்சின் கொண்ட முதல் தயாரிப்புக் கார் எனலாம். உலகம் திரும்பிப் பார்த்தது 1966-இல் ஜெனீவாவில் காட்டப்பட்ட லம்போர்கினி மியூராவை. ஜான் பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டான்ஸானியும் 12 சிலிண்டர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி, ஓட்டுநருக்கும் பின் அச்சுக்கும் இடையிலான குறுகிய இடத்தில் பொருத்தினார்கள். மார்செல்லோ கண்டினி வரைந்த அதன் உடல் இன்றும் கண்ணை விட்டு அகலாத அழகு. ஆனால் பெட்ரோல் டேங்க் முன்னால் இருந்தது. எரிபொருள் குறையக் குறைய மூக்கு லேசாகும். அதிவேகத்தில் காற்றும் சேர்ந்து அதைத் தூக்கும். ஸ்டீயரிங் கையில் எடையற்றுப் போகும். 1934-இல் ஆட்டோ யூனியன் விடை கண்டிருந்த கேள்வி இது. ஃபெராரியும் தன் இரண்டு இருக்கை 12 சிலிண்டர் சாலைக் கார்களை நடு எஞ்சினுக்கு மாற்ற 1973 வரை காத்திருந்து பாக்ஸர் காரைக் கொண்டுவந்தது. அதில் எஞ்சின் கியர்பாக்ஸின் மேல் அமர்ந்ததால் எடை உயரத்துக்குப் போயிற்று. இடம் நடுவாக இருந்தால் மட்டும் போதாது, தாழ்வாகவும் இருக்கவேண்டும்.

எல்லோரும் நடுவை நோக்கி நகர்ந்த காலத்தில் ஒரு நிறுவனம் மட்டும் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்டில் உருவான முதல் போர்ஷே காரில் எஞ்சின் நடுவில்தான் இருந்தது. விற்பனைக்கான 356 மாதிரியில், முன் இருக்கைகளுக்குப் பின்னே இடம் வேண்டும் என்பதற்காகவும், ஃபோக்ஸ்வாகன் பாகங்களை அப்படியே பயன்படுத்தும் வசதிக்காகவும் அது பின் அச்சைத் தாண்டிப் பின்னுக்குச் சென்றது. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் உள்ள மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆன கார் அந்த ஏற்பாட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. காற்றால் குளிரும், சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்த 6 சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின், 2 லிட்டர், 130 குதிரைத்திறன். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரங்களின் மேல்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஓட்டும் சக்கரங்களின் மேலேயே எடை அழுந்துவதால் வளைவிலிருந்து வெளியேறும்போது 911 வழுக்காமல் பாயும். பிரேக் பிடித்தால் எல்லாக் கார்களிலும் எடை முன்னோக்கிச் சாயும். வால் கனமான காரில் அப்போதும் பின் சக்கரங்கள் தரையை விடாமல் பங்கெடுக்கும். ஆனால் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் காலை எடுப்பவருக்கு இந்தக் கார் மன்னிப்பே தராது. 1960-களில் அமெரிக்காவில் பின் எஞ்சினும் ஸ்விங் ஆக்சிலும் கொண்ட ஷெவர்லே கோர்வேர் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. கார்களின் பாதுகாப்பைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலின் முதல் இலக்கு அதுவே. அதே ஆண்டின் மாதிரியில் ஷெவர்லே பின் சஸ்பென்ஷனை மாற்றியமைத்திருந்தபோதும் பெயர் மீளவில்லை. போர்ஷே ஸ்விங் ஆக்சிலை 911-இல் தொடக்கத்திலேயே கைவிட்டிருந்தது. ஆனாலும் எடை இருந்த இடம் வால்தான்.

பிறகு நடந்த திருத்தங்கள் பொறியியல் வரலாற்றிலேயே பொறுமைக்குப் பேர்போனவை. முதலில், முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டிகள் வைக்கப்பட்டன. வேகத்தை விற்கும் நிறுவனம் தன் காருக்கு வேண்டுமென்றே எடை சேர்த்தது. 1969 மாதிரியில் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆக நீண்டது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, பின் சக்கரங்கள் மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குப் போயின. ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகள் முன் மூலைகளில் ஏறின. எஞ்சின் உறை மெக்னீசியத்துக்கு மாறி லேசாயிற்று. 1972-இல் பாரிஸில் காட்டப்பட்ட 2.7 ஆர்எஸ் கரேராவின் பின்மூடியில் வாத்து வாலைப் போன்ற ஸ்பாய்லர் முளைத்தது. அதிவேகத்தில் பின்பகுதி மேலெழுவதை அது குறைத்தது. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட அகலமாயின. கனமான முனைக்குப் பெரிய டயர் என்பது வால் எஞ்சின் கார்களின் அடிப்படை மருந்து ஆகிவிட்டது.

1974-இல் வந்த டர்போ சிக்கலைப் புதுப்பித்தது. அதன் 3 லிட்டர் எஞ்சின் 260 குதிரைத்திறன் தந்தது, ஆனால் மிதித்தவுடன் அல்ல. டர்போ சுழன்று வேகமெடுக்கும் வரை ஒன்றும் நடக்காது. பிறகு மொத்தச் சக்தியும் வளைவின் நடுவே வந்து இறங்கும். மிரண்டு காலை எடுத்தால் வால் முன்னுக்கு வந்துவிடும். விதவைகளை உண்டாக்கும் கார் என்ற கொடிய பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

போர்ஷே நிறுவனமே ஒரு கட்டத்தில் 911-ஐக் கைவிட எண்ணியது. 1977-இல் வந்த 928-இல் 8 சிலிண்டர் எஞ்சின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின் அச்சிலும் இருந்தன. எடை இரு அச்சுகளிலும் கிட்டத்தட்டச் சமம். ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது பெற்ற அது நல்ல காரும்கூட. ஆனால் 911 வாங்க வந்தவர்கள் 911-ஐத்தான் கேட்டார்கள். 1981-இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷுட்ஸ், 911-இன் தயாரிப்பை நிறுத்தும் முடிவை மாற்றினார். 1993-இல் வந்த 993 மாதிரியின் பல இணைப்புப் பின் சஸ்பென்ஷன், காலை எடுத்தால் கவிழ்க்கும் குணத்தைப் பெருமளவு அடக்கியது.

நடு எஞ்சின் காரும் எளிதில் வசப்படாது என்பதை டொயோட்டா கற்றுக்கொண்டது. 1989-இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2, நனைந்த சாலையில் திடீரெனச் சுழலும் என்ற புகாருக்கு ஆளானது. சில ஆண்டுகளுக்குள் பின் சஸ்பென்ஷன் திருத்தப்பட்டு, பின் டயர்கள் அகலமாக்கப்பட்டன. 1990-இன் ஹோண்டா என்எஸ்எக்ஸ் இதற்கு மறுமுனை. அலுமினிய உடலும், அயர்டன் சென்னா சுசூகாவில் ஓட்டிச் சொன்ன கருத்துகளுக்குப் பின் இறுக்கப்பட்ட சட்டமும் கொண்ட அந்தக் கார், நடு எஞ்சின் காரை அன்றாடம் அலுவலகத்துக்கும் ஓட்டிப் போகலாம் என்று காட்டியது.

முன் எஞ்சினும் இந்தக் கதையில் தோற்று ஒதுங்கவில்லை. 1950-இன் லான்சியா ஆரேலியா கியர்பாக்ஸைப் பின் அச்சுக்குக் கொண்டுபோய் எடையைப் பகிர்ந்தது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி, எடையை இரு அச்சுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய விலையில், வளைவுகளை இவ்வளவு நேர்மையாகக் கைக்கு உணர்த்திய கார்கள் மிகச் சில. ஃபெராரியே 1996-இல் 550 மரனெல்லோவின் 12 சிலிண்டர் எஞ்சினை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. சாலைக் காருக்குப் பெட்டி வைக்க இடமும், ஏறி இறங்க வசதியும் வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம்.

அமெரிக்காவின் கோர்வெட்டில் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவர பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் 1960-இலேயே சோதனைக் கார் கட்டி நிறுவனத்தை வற்புறுத்தினார். செலவைக் காட்டித் தலைமை மறுத்துவந்தது. அவர் 1975-இல் ஓய்வு பெற்று, 1996-இல் மறைந்தார். நடு எஞ்சின் கோர்வெட் 2019 ஜூலையில் அறிமுகமாகி, 2020 மாதிரியாக விற்பனைக்கு வந்தது.

போர்ஷே நிறுவனமும் 2017 பந்தய ஆண்டுக்கான 911 ஆர்எஸ்ஆர் காரில் எஞ்சினைத் திருப்பிப் பின் அச்சுக்கு முன்னே வைத்தது. டயர் தேய்மானம் சீராவதோடு, வாலுக்கு அடியில் காற்றை உறிஞ்சிக் காரைத் தரையோடு அழுத்தும் பெரிய டிஃப்யூஸருக்கு இடமும் கிடைத்தது. கடையில் விற்கும் 911-இலோ எஞ்சின் இன்றும் பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது.